தொம்மை போட்ட முடிச்சு

தொம்மைக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் கடலில் கிடந்தவர். புயல் வருகிறது என்று ரேடியோ அலறினாலும் நிதானமாக வெற்றிலை மடிக்கிற ஆள். அப்பேர்ப்பட்டவர், தூத்துக்குடியில் ஓர் இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு வாசலைப் பார்த்து நடுங்கிவிட்டார்.

அது உறைகுளிர் அறையின் வாசல். உள்ளே குளிர் மைனஸ் பதினெட்டு. இறால் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். கதவைத் திறந்ததும் நேரே போய்விட முடியாது. கனமான பிளாஸ்டிக் பட்டைகள் மேலிருந்து தரை வரை நெருக்கமாகத் தொங்கும். அவற்றை விலக்கிக்கொண்டு நுழைய வேண்டும். நுழைந்ததும் அவை முதுகுக்குப் பின்னால் தாமாகச் சேர்ந்துகொள்ளும். பிறகு வெளியே நிற்பவர் வெறும் நிழல்தான்.

அறைக்குப் பொறுப்பு ஜெனோவா. வயது முப்பத்துநாலு. புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குவதால் கம்பெனி முழுக்க அவளுக்கு டீச்சர் என்று பெயர். அவள் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் தொம்மை கேட்டார்.

"டீச்சர், உள்ள இருக்கும்போது கதவு மூடிக்கிட்டா?"

ஜெனோவா அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவை மூடினாள். கதவின் உட்பக்கம் ஒரு பச்சைக் குமிழ் இருந்தது.

"தள்ளுங்கண்ணே."

தள்ளினார். கதவு திறந்தது.

"இன்னொரு தடவ."

பத்துத் தடவை தள்ளச் சொன்னாள். பத்துத் தடவையும் திறந்தது.

"இப்போ பயம் போச்சா?"

"குமிழுக்குப் பயமில்ல டீச்சர். இந்தத் திரைக்குத்தான். வெளிய ஆள் நிக்காங்களா, போயிட்டாங்களான்னு தெரியல."

பிறகு காரணத்தையும் சொன்னார். பத்தொன்பது வயதில், விசைப்படகின் ஐஸ் அறைக்குள் இறங்கி மீன் அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே யாரோ மூடியைப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சோறு தின்றார்கள். இவர் கத்தியது இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி எழுந்திருக்கும் வரை உள்ளேயே கிடந்தார். அதற்கப்புறம் வீட்டுக் குளியலறையைக்கூட அவர் தாழ் போட்டதில்லை.

ஜெனோவா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், பட்டைகளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. வலை பின்னுகிறவர்கள் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். யார் வேலை என்று விசாரணை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் அவிழ்த்துவிட்டாள். மத்தியானம் மறுபடி கட்டியிருந்தது. மறுபடி அவிழ்த்தாள். அதற்கு மறுநாள் தொம்மையே வந்து நின்றார்.

"அவுக்காதீங்க டீச்சர். வெளிச்சம் தெரிஞ்சாப் போதும், எம்புட்டு நேரம்னாலும் உள்ள நிப்பேன். ஒரு திரையில அப்படி என்னதான் இருக்கு?"

ஜெனோவா அவரையும் முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி. கெடக்கட்டும்."

அன்று இரண்டு லாரிக்குச் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. காலையிலிருந்து கதவு திறந்தே கிடந்தது. தொம்மைக்கு ஒரே உற்சாகம். பெட்டி தூக்கும்போது பாட்டு வேறு. ஜெனோவா வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கால்கிட்ட சில்லுனு ஓடுதே டீச்சர்?"

"குளிரு. கீழ வழியா வெளிய போவுது."

"அப்போ மேல?"

"கடக்காத்து உள்ள வருது."

ஐப்பசிப் புழுக்கம். வாசலின் மேல்பாதியில் வெள்ளை மூட்டம் மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. மற்ற நாளில் அறையைக் குளிரவைக்கும் கம்ப்ரசர் அவ்வப்போது நின்று ஓய்வெடுக்கும். அன்று நிற்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொள்கிற இசக்கி ஓடி வந்தான்.

"டீச்சர், காலையிலருந்து நிக்காம ஓடுது. கரண்டை இப்படிக் குடிச்சா மேனேஜர் என் தலையத்தான் உருட்டுவாரு. யாரு திரையக் கட்டினது?"

"எனக்குத் தெரியும். நீ போ."

லாரிகள் போனதும் கதவை மூடிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஜெனோவா முதலில் திரும்பி வந்தாள். தனியாகக் கதவைத் திறந்து ஏதோ பார்த்தாள். இசக்கியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். பிறகு தொம்மையைக் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்கண்ணே."

இருவரும் உள்ளே போனார்கள். திரை கட்டினபடியே இருந்தது. கூரையெல்லாம் பூஞ்சை பிடித்ததுபோல் வெள்ளை வெள்ளையாகப் பனி. தரை வழுக்கியது. ஜெனோவா கதவை இழுத்து மூடினாள்.

"தள்ளுங்க."

பச்சைக் குமிழ் பச்சையாக இல்லை. அதன் மேலும் பனி ஏறியிருந்தது. தொம்மை உள்ளங்கையால் தள்ளினார். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். தோளைக் கொடுத்து முட்டினார். கால் வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி முட்டினார்.

"டீச்சர், தெறக்கல."

ஜெனோவா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தெறக்கல டீச்சர்!"

கதவைக் குத்தினார். "இசக்கி! ஏலே இசக்கி!" என்று கத்தினார். மேலே குளிர்க்காற்று வீசும் மின்விசிறிகளின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பழைய பயம், முப்பத்துமூன்று வருஷம் உள்ளுக்குள் படுத்துக் கிடந்தது, எழுந்து வந்துவிட்டது. செத்தோம் என்றே நினைத்தார். மாதாவைக் கூப்பிட்டார். செத்துப்போன அம்மாவையும் கூப்பிட்டார். திரும்பி ஜெனோவாவைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். அவள் உதடும் நடுங்கியது.

கதவு வெளியிலிருந்து திறந்தது. செல்போனைப் பார்த்தபடி இசக்கி நின்றான்.

"நீங்க சொன்ன ரெண்டு நிமிஷம் ஆச்சு டீச்சர்."

தொம்மை வெயிலில் போய்த் தரையில் உட்கார்ந்தார். மூச்சு வந்ததும் அவர் பேசிய சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஜெனோவா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவர் குரல் இறங்கியது.

"பத்துத் தடவ தெறந்த கதவு. இன்னைக்கு ஏன் தெறக்கல?"

அவள் உள்ளே போய்க் குமிழில் ஒட்டியிருந்த பனியை நகத்தால் பெயர்த்துக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எங்கருந்து வந்துச்சு?"

"உள்ளருந்து."

"உள்ள தண்ணி ஏது? எல்லாம் கடக்காத்துல இருந்த ஈரம். நீங்க வெளிய வரணும்னு தெறந்து வெச்ச வழியாத்தான் அது உள்ள போச்சு."

தொம்மை கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பனி உருகி விரலிடுக்கில் வழிந்தது.

எழுந்து முடிச்சை அவிழ்க்கப் போனார். அது இறுகி உறைந்துபோயிருந்தது. போட்டவராலேயே அவிழ்க்க முடியவில்லை. கத்தி வாங்கி அறுத்தார். பட்டைகள் தடதடவென்று விழுந்து வாசலை அடைத்தன. அவர் இரண்டடி பின்னால் போனார்.

பிறகு அவராகவே ஒரு வாளி வெந்நீரும் துணியும் கொண்டுவந்தார். ஒவ்வொரு பட்டையாகப் பிடித்துத் துடைத்தார். வருஷக்கணக்கில் ஏறிய அழுக்கு, கறுப்பாக வந்தது. சாயங்காலம் ஆனபோது அந்தப் பக்கம் நின்ற ஜெனோவாவின் முகம் இந்தப் பக்கம் தெரிந்தது. மூக்குத்தி வரை தெரிந்தது.

"இத நான் என்னைக்கோ செஞ்சிருக்கணும்" என்றாள் அவள்.

மறுநாள் குமிழைச் சுற்றிப் பனி இல்லை. தொம்மை நுழைவதற்கு முன் அதை மூன்று தடவை தள்ளிப் பார்த்தார். பட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அவை அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டன. ஒரு பெட்டியைத் தூக்கியவர், திரும்பி வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், நிக்கீங்களா?"

"நிக்கேன்."

"நேத்து உள்ள நீங்களும்லா நடுங்குனீங்க. இசக்கி வெளிய நிக்கான்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

 பெட்டியின் குளிர் கையுறையைத் தாண்டி விரலில் ஏறியது.

"பதினோரு வருஷமா உள்ள போய்ட்டு வாறீங்க. இந்தப் பயம் எப்போதான் போவும்?"

பட்டைகளுக்கு அந்தப் பக்கமிருந்து ஜெனோவா சொன்னாள்.

"போற அன்னைக்கு எங்கிட்ட வந்து சொல்லுங்கண்ணே. அன்னையிலருந்து உங்கள உள்ள விட மாட்டேன்."