சூனியக்காரி சொன்ன வரி

"அந்த மூணாவது சூனியக்காரி உண்மையில யாரு, டீச்சர்?"

கேட்டுக்கொண்டே ஒப்பனை அறைக்குள் நுழைந்தான் அருளப்பன்.

சுகிர்தம் டீச்சர் நிமிரவில்லை. அன்று மாலை மேடையேறவிருந்த பழைய சோக நாடகத்தின் கிரீடத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன அவசரம்?"

"நாளைக்கு என் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. மூணு விமர்சகருங்க கேள்வி கேப்பாங்க. சூனியக்காரிதான் விதிங்கிறார் ஒருத்தர். ஊர் ஒதுக்கிவெச்ச பாவப்பட்ட பொம்பளைங்கிறார் இன்னொருத்தர். அப்படி ஒருத்தியே இல்ல, அவ பேச்சக் கேட்டு ராஜாவைக் கொல்ற தளபதியோட மனசுதான் அந்தச் சூனியக்காரிங்கிறார் மூணாமவர்."

"நீ என்ன எழுதியிருக்கே?"

"மூணு பேர் சொல்றதும் சரின்னு."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அருளப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாதித் தலைமுடி கொட்டியதே அந்த ஆய்வேட்டால்தான். நாளை கவிழ்ந்தால் அத்தனை உழைப்பும் பாழ்.

டீச்சர் ஒரு சடைமுடியை எடுத்து அவன் வழுக்கையில் கவிழ்த்தார்.

"மூணாவது சூனியக்காரிக்குக் காய்ச்சல். உனக்கு ஒரே வரிதான். 'நீ மன்னன் ஆவாய்.' போ."

"டீச்சர், நான் விமர்சகன்!"

"அதனாலதான்."

திரை விலகியது. தளபதி வேடத்தில் துரைக்கண்ணு வாளும் கையுமாகச் சுடுகாட்டுக்குள் வந்தார். மற்ற இரண்டு சூனியக்காரிகளும் ஊளையிட்டு முடித்துவிட்டு அருளப்பனைப் பார்த்தார்கள்.

நாடகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வரி போயே போச்சு. வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது.

துரைக்கண்ணு ஓரடி பின்வாங்கினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"மன்னனா? நானா?"

கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது.

இடைவேளையில் அருளப்பன் மூலையில் சுருண்டு உட்கார்ந்தான்.

"மானம் போச்சு, டீச்சர். ஒரு வார்த்தைகூட வரல."

டீச்சர் அவன் கையில் டீயைக் கொடுத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் துரைக்கண்ணு. வேர்வையோடு அவனைக் கட்டிக்கொண்டார்.

"பிரமாதம் சார்! எத்தனையோ பேர் இந்த வேஷம் கட்டியிருக்காங்க. உங்கள மாதிரி அந்த வரியை யாருமே சொன்னதில்ல. இன்னும் காதுலயே நிக்குது!"

டீச்சர் கிரீடத்தைக் கையில் எடுத்தார். அவர் கூப்பிடும் முன்பே துரைக்கண்ணு தலையைக் குனிந்து காட்டினார்.

அருளப்பன் வாயிலிருந்த டீ புரையேறியது. சடைமுடி நழுவச் சிரித்தான்.

"என்னடா, நாளைக்கு அந்த மூணு பேருக்கும் என்ன பதில் சொல்லப் போறே?"

"வாயைத் திறந்தாப் போதும், டீச்சர்."