கொடிப் பந்தலில் விழுந்த ஓட்டை

காட்டின் தென்கோடியில் ஒரு குளம் இருந்தது. அதன்மேல் பந்தல் போட்டாற்போல ஒரு பெருங்கொடி படர்ந்திருந்தது. அந்த நிழலில்தான் தவளைகள் முட்டையிடும்.

கொடியின் வேரோ வெகுதூரத்தில், வடக்கு மேட்டில். கோடை வந்தால் அங்குள்ள குரங்குகள் அதன் பட்டையைக் கடித்துச் சாறு உறிஞ்சும். உடம்பெல்லாம் ஜில்லென்று ஆகிவிடும்.

ஒரு கோடையில் குளத்துக்கு மேலே பந்தல் காய்ந்து பெரிய ஓட்டை விழுந்தது. வெயில் நேரே இறங்கியது. குண்டுமணி என்ற தவளையின் முட்டைகள் ஒன்றுவிடாமல் வெந்துபோயின. பாவம், அது அழுது தீர்த்தது. பிறகு காய்ந்த தண்டு போன வழியே தத்தித் தத்தி வடக்கு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

“அண்ணே! நீங்கள் இங்கே கடிக்கிறீர்கள், அங்கே என் பிள்ளைகள் சாகிறார்கள்!”

“உன் குளத்தை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே!” என்று சிரித்தது குரங்குத் தலைவன் நரையன்.

“பார்க்கத்தான் கூப்பிடுகிறேன்!”

நரையன் வந்து பார்த்தது. வெந்த முட்டைகளைக் கண்டதும் அதன் சிரிப்பு நின்றது. “இனி யாரும் பட்டையைத் தொடக் கூடாது! தாகத்துக்குக் காட்டு வெள்ளரி இருக்கிறது” என்று உத்தரவு போட்டது. குரங்குகள் முணுமுணுத்தன. ஆனாலும் சொன்னபடி கேட்டன. குரங்குகள் கேட்டதே பெரிய விஷயம்!

அடுத்த கோடை வந்தது. ஓட்டை அப்படியே இருந்தது.

துடுக்கன் என்ற குரங்கு குதித்தது. “ஒரு வருஷம் வாயைக் கட்டினோமே, என்ன பலன்? வெள்ளரி தின்று நாக்கே செத்துவிட்டது! வாருங்கள், கடிப்போம்!”

நரையனுக்கும் சபலம் தட்டியது.

குண்டுமணி மறுபடியும் மேடேறி வந்தது. “இந்த வருஷமும் என் முட்டைகள் வெந்துதான் போயின. ஆனால் ஓட்டை பெரிதாகவில்லை, அண்ணே! கடிக்க ஒரு நொடி போதும். தண்டில் உயிர் ஊறிக் குளம்வரை வந்து சேர நாள் பிடிக்காதா?”

நரையன் தலைகுனிந்தது. அன்று முதல் வேரடியில் தானே காவல் உட்கார்ந்தது.

மூன்றாம் கோடையில் ஓட்டையின் ஓரத்தில் தளிர் விட்டது. ஐந்தாம் கோடையில் ஓட்டை பாதியானது. ஓரத்து நிழலில் குண்டுமணி இட்ட முட்டைகளிலிருந்து பதினோரு தலைப்பிரட்டைகள் வாலாட்டிக்கொண்டு வந்தன. மீதி ஓட்டை மூடுவதைப் பார்க்கத் தன் ஆயுள் போதாது என்று அதற்குத் தெரியும். குஞ்சுகளை நிழல் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனது.

எங்கோ தூரத்து நாடுகளின் குளிர்பெட்டிகளிலிருந்து கசிந்த வாயுக்களால் தென் துருவத்து வானில் விழுந்த ஓசோன் ஓட்டையும், அந்த வாயுக்களை உலகம் தடைசெய்த பிறகு, இப்படித்தான் மெல்ல ஆறிவருகிறது: நொடியில் செய்த கேடு ஆறப் பல காலம் பொறுக்க வேண்டும், பலன் கண்ணில் படவில்லை என்று நடுவில் மறுபடியும் கைவைத்துவிடக் கூடாது.