தேன்கூட்டுக்குச் சொந்தக்காரர்

இந்தக் கதையை நான் நேரில் பார்த்ததில்லை. என்னோடு வேலை பார்க்கும் தென்காசிக்காரர் ஒருவர் சொன்னது, கேட்டபடியே சொல்கிறேன்.

வேலாண்டி அண்ணாச்சியின் மாடியில் குடியிருந்தவர் தையல் வேலை செய்யும் ஆவுடையம்மா. அவருடைய பின்பக்க ஜன்னலுக்கு மேலே முறம் அகலத்துக்கு ஒரு தேன்கூடு தொங்கியது. வீட்டுக்காரர் அண்ணாச்சி தெருவே கேட்கக் கத்தினார்.

“உன் ஜன்னல்ல இருக்குற கூடு உன் பாடு. நாளைக்குள்ள எடுத்துரணும். ஒரு ஈ சாகக்கூடாது, சுவர்ல புதுசா அடிச்ச வெள்ளையில புகையும் படக்கூடாது. முடியலன்னா வீட்டைக் காலி பண்ணு!”

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் வேறு வீட்டுக்கு எங்கே போவது? “சரி அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார் ஆவுடையம்மா.

மறுநாள் காலை ஒரு கிண்ணத்தோடு இறங்கி வந்து, வாசலில் நின்றவர்களின் உள்ளங்கையில் ஆளுக்குக் கொஞ்சம் தேன் விட்டார். அண்ணாச்சி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“யாரைக் கேட்டும்மா பங்கு வைக்கிற? என் சுவர்ல கட்டுன கூடு, என் தேன்!” கிண்ணத்தைப் பிடுங்கி நக்கியும் பார்த்தார். “அடடா, கலப்படமே இல்லாத சரக்கு!”

“அப்போ கூடு உங்களுதுதானா அண்ணாச்சி?”

“பின்னே, உங்க அப்பன் வீட்டுக் கூடா?”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? கூடு இன்னும் அங்கேயேதான் இருக்கு, பின்பக்கம் போய்ப் பாருங்க. உங்க கூட்டை நீங்களே எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஈ ஒண்ணும் சாகாம பார்த்துக்கிடுங்க.”

வாசலில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணாச்சிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கூடும் இருக்கட்டும், நீயும் இரு தாயி. புள்ளையப் படிக்கச் சொல்லு” என்று உள்ளே போய்விட்டார்.

கூட்டைத் தொடாமல் தேன் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம். போன மாதம் தென்காசிக்குப் போனபோது ஆவுடையம்மாவையே கேட்டேன்.

வெல்லப்பாகு என்றார்.