பாதையோரத்து முயல்

ஒரு காட்டில், குட்டையெல்லாம் வற்றி, ஒரே ஒரு மடு மட்டும் மிஞ்சியிருந்த கோடைக்காலம் அது. மடுவுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் யாரும் நிற்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் வழக்கம். ஒருவர் நின்றால் பின்னால் வருகிறவர்கள் தாகத்தில் தவிப்பார்களே!

அந்தப் பாதையோரத்தில் ஒரு முயல் உட்கார்ந்து, "ஏதாவது போடுங்க சாமி" என்று தினமும் பிச்சை கேட்டது.

யானை நடந்தபடியே ஒரு விளாம்பழத்தைப் போடும். மயிலோ, "காலு நல்லாத்தானே இருக்கு, தேடித் தின்னா என்ன?" என்று நடந்தபடியே ஏசும். இரண்டும் நின்றதே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் முள்ளம்பன்றி நின்றுவிட்டது. முயலின் அருகில் கிடந்த பழங்களில் ஒன்றுகூடக் கடிபடவில்லை.

"இவ்வளவு பழம் கிடக்கு, நீ எலும்பும் தோலுமா இருக்கியே?"

முயல் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தது. "மெதுவாப் பேசுங்கக்கா. என் குட்டிங்க கரடி குகையில இருக்கு. வாசலைப் பாறையால அடைச்சிருக்கு. பொழுது சாயறதுக்குள்ள அதுக்கு வயிறு நிறையப் பழம் கொண்டுபோகலைன்னா, ஒரு குட்டியைத் தின்னுடுமாம்."

பின்னால் வந்த யானைக்குக் கண் கலங்கியது. "அழாதே தாயி. இனிமே ரெண்டு மடங்கு போடறேன்."

"போடுங்கண்ணே," என்றது முள்ளம்பன்றி. "இது நல்ல பொழைப்பா இருக்கேன்னு, இன்னொரு தாயையும் அந்தக் கரடி இங்க உட்கார வைக்கும்."

"அப்போ யாரும் எதுவும் போட வேணாம்," என்றது யானைக்குப் பின்னால் வந்த மயில்.

"போடலைன்னா இன்னிக்கே ஒரு குட்டி போயிடும்," என்றது முள்ளம்பன்றி.

வெயில் மரங்களுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கிடந்த பழங்களோ கரடியின் வயிற்றுக்குப் போதாது. முயல் யானையையே பார்த்தது.

"அண்ணே, அந்தத் தும்பிக்கை பழம் போட மட்டும்தானா?" என்றது முள்ளம்பன்றி.

யானை பாதையை விட்டு இறங்கி மலைப்பக்கம் நடந்தது; முள்ளம்பன்றியும் முயலும் கூடவே போயின.

குகை வாசலில் கரடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. யானை பாறையில் நெற்றியை வைத்து அழுத்தியது. பாறை அசையவில்லை. மறுபடி அழுத்தியது. கல் உராயும் சத்தம் கேட்டது. குறட்டை நின்றது.

"யாரது?"

"இத்தனை நாளா உனக்குத் தீனி போட்டவன்," என்றது யானை.

கரடி உறுமிக்கொண்டு பாய்ந்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்து அதன் மூக்குக்கு நேரே போய் நின்றது. மூக்கில் முள் தைக்க, கரடி அலறிப் பின்வாங்கிய அதே நேரம், பாறை உருண்டது. யானை கரடியின் பக்கம் திரும்பியது. கரடி மலைக்கு அப்பால் ஓடிப்போனது.

குகைக்குள் சத்தமே இல்லை. முயல் தலையை மட்டும் உள்ளே நீட்டி மெல்லக் கூப்பிட்டது. கண் கூச, தட்டுத் தடுமாறி, குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முயல் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தது. ஒன்றும் குறையவில்லை.

நீதி: கையேந்துகிறவருக்கு எது உதவி என்பது, நின்று விசாரித்தால்தான் தெரியும்.