இலுப்பை மரத்துச் சந்தா

ஏரிக்கரை இலுப்பை மரத்தில் மஞ்சமூக்கி என்ற மைனா தினமும் காலையில் ஒரு கூட்டம் கூட்டும். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, எங்கே வலை விரித்திருக்கிறார்கள், எந்தக் குட்டையில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று வருகிறவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு அவரவர் வேலைக்குப் போவார்கள்.

நாளாக ஆகக் கூட்டம் பெருகியது. மஞ்சமூக்கிக்கோ பக்கத்துப் பனைமரப் பொந்தில் மூன்று குஞ்சுகள். திறந்த வாயை மூடுவேனா என்கிற பிள்ளைகள்! இவ்வளவு பாடுபட்டு ஊரைக் கூட்டுகிறோமே, நமக்கு என்ன மிச்சம் என்று அதற்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை. செய்ததில்தான் கோளாறு.

மறுநாளே சந்தா வைத்தது. மாதத்துக்குக் கீழ்க்கிளைக்கு ஐந்து அத்திப்பழம், மேல்கிளைக்குப் பத்து. சந்தா கட்டாதவர்கள் மரத்தில் கால் வைக்கக் கூடாது.

மயிலும் கிளியும் குயிலும் மிடுக்காகப் பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மேல்கிளையில் உட்கார்ந்தன. ஓணானும் எறும்புகளும் திரும்பிப் போயின. அணில் மட்டும், கோடையில் தன் வீட்டுக்கே பழம் போதவில்லை என்று கெஞ்சிப் பார்த்தது. மஞ்சமூக்கி காது கேட்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சரி, யார் முதலில் சொல்கிறீர்கள்?" என்று கூட்டத்தைத் தொடங்கியது.

கிளிதான் எல்லோருக்குமாகச் சொன்னது: "பழத்தையும் கொடுத்துவிட்டு, சேதியையும் நாங்களே சொல்ல வேண்டுமா? நீ சொல், கேட்கிறோம்."

மஞ்சமூக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கிய பழத்துக்குச் சேதி சொல்லியாக வேண்டுமே! அன்றிலிருந்து அது காடு மேடெல்லாம் சேதி தேடிப் பறந்தது. பொந்தில் குஞ்சுகள் நெடுநேரம் தனியாகக் கிடந்தன.

நான்காம் நாள் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அணில் மூச்சிரைக்க மரத்தில் ஏறியது. மஞ்சமூக்கி பாய்ந்து வந்து மறித்தது.

"சந்தா எங்கே?"

"நான் கேட்க வரலை அக்கா, சொல்ல வந்தேன். உன் பனைமரத்துல சாரைப்பாம்பு ஏறுது!"

மஞ்சமூக்கி அலறிக்கொண்டு பறந்தது. அணில் பின்னாலேயே ஓடியது. பாம்பின் தலை பொந்துக்கு ஒரு சாண் கீழேதான் இருந்தது. மஞ்சமூக்கி அதன் கண்ணைக் குறிவைத்துக் கொத்தியது. சத்தம் கேட்டு மயிலும் வந்து சேர, சாரை பிடி நழுவி விழுந்து புதருக்குள் ஓடி மறைந்தது. பொந்துக்குள் எட்டிப் பார்த்தால், மூன்றும் வாயைத் திறந்துகொண்டு இரை கேட்டன. மஞ்சமூக்கி அழுதது, சிரித்தது, அணிலைக் கட்டிக்கொண்டது.

"உன்னை வாசலில் நிறுத்தினேனே, என் புத்தியை என்ன சொல்ல" என்றது.

மறுநாள் சந்தாவை மாற்றியது. பார்த்ததைச் சொல்ல வருகிறவர்களுக்குப் பழம் வேண்டாம். சும்மா கேட்டுவிட்டுப் போகிறவர்கள் மட்டும் கொடுத்தால் போதும். அணில் கீழ்க்கிளையிலும், எறும்புகள் வேரிலும், ஓணான் தண்டிலுமாக மரம் மறுபடி நிறைந்தது. கிளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தெற்குத் தோப்பில் கொய்யா பழுத்திருப்பதாக முதல் ஆளாகச் சொன்னது.

உழைப்புக்கு விலை கேட்பது தப்பில்லை. ஆனால் சேதி கொண்டுவருகிறவனை வாசலில் நிறுத்தினால், விலை கொடுத்து வந்தவனுக்கும் உள்ளே ஒன்றும் இருக்காது.