சாமி கிடாய்க்கு உண்ணி எடுத்த சீனித்தாய்

நடுக்கரிசல் ஊரில் ஆட்டுக் கொட்டில்களைக் கூட்டிப் பிழைத்தவர் சீனித்தாய் அம்மையார். புழுக்கையை அள்ளிக் குப்பைக்குச் சுமந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போதெல்லாம் கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பி, "கருப்பா, ஒம் பிள்ளைகளுக்கு இடம் சுத்தம் பண்ணிட்டேன்" என்று ஒரு கும்பிடு போடுவார். அதுதான் அவருடைய பூசை. வேறு பூசைக்கு அவரிடம் பூவும் இல்லை, பொழுதும் இல்லை.

அந்த ஊர்க் கரையடிக் கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டுக் கிடையாது. சாமிக்கென்று விட்ட கிடாய் ஊர் ஆடுகளுக்கெல்லாம் பொலிக்கிடாயாகத் திரியும். நினைத்த கொட்டிலில் படுக்கும். அதை விரட்டவும் கூடாது, பூசாரியைத் தவிர யாரும் தொடவும் கூடாது.

ஒரு வருடம் உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஆடுகள் தீனி எடுக்காமல் நடுங்கிச் சாய்ந்தன. மேய்க்கப் போனவர்களிலும் சிலர் படுத்துவிட்டார்கள். உண்ணி கடித்து வந்தது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஊரார் தத்தம் ஆடுகளுக்கு மருந்து தேய்த்தார்கள். சாமி கிடாயைத் தொடுவார் இல்லை; பூசாரியும் கண்டுகொள்ளவில்லை. அது காது நிறைய உண்ணியோடு கொட்டில் கொட்டிலாகப் படுத்து எழுந்தது. அம்மையாரின் ஒற்றை வெள்ளாடும் செத்தது. அழுதார், ஆனால் சாமியை ஒரு சொல் வையவில்லை.

மறுநாள் அவர் கூட்டப் போன கொட்டிலில் கிடாய் படுத்திருந்தது. காதோரம் உண்ணிகள் ஆமணக்கு முத்துப் போலக் கொத்தாய்த் தொங்கின.

"கருப்பா, இதுக்குள்ள நீ இருக்கேன்னா, ஒன் ரத்தத்தையில்லா குடிக்குது!" என்று பதறி உட்கார்ந்தார். விரலில் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நசுக்காமல், சிரட்டையில் இருந்த மண்ணெண்ணெயில் போட்டார். அன்று முதல் அதுவும் பூசையாயிற்று.

"மதினி, எனக்குந்தான் தலையெல்லாம் பேன். ஒரு கை பாத்து விடுதியளா?" என்று ஆடு மேய்க்கும் மாசானம் கேலி செய்தார்.

"நீரு சாமியாவும், பாக்கேன்" என்று அம்மையார் சிரித்துக்கொண்டார்.

பூசாரி வெள்ளைப்பாண்டி சிரிக்கவில்லை. "கொட்டில் கூட்டுத கையால சாமி கிடாயத் தொட்டியாட்டி? தீட்டாக்கிட்டியே!" என்று கொதித்தார். ஊர் கூடியது. கோயில் கொடைத் திருவிழாவன்று கிடாய்மேல் தீர்த்தம் தெளிப்பது. அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம். சிலுப்பாவிட்டால் சீனித்தாய் இனிக் கோயில் எல்லையை மிதிக்கக் கூடாது, கிடாயிடமும் போகக் கூடாது என்று முடிவாயிற்று.

கொடை வந்தது. பூசாரி தீர்த்தம் தெளித்தார். கிடாய் கல்லாய் நின்றது. குடத்தோடு கவிழ்த்தார். அப்போதும் அசையவில்லை.

"பாத்தியா? சாமி மொகத்தத் திருப்பிட்டாரு. வெளிய போ."

அம்மையார் எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் நின்று கும்பிட்டார். "நான் வரலைன்னா போகுது கருப்பா. அதுக்குக் காத மட்டும் யாரையாச்சும் பாத்து விடச் சொல்லு. ராவெல்லாம் தலைய ஒதறுது, பாவம்."

கிடாய் கூட்டத்தை முட்டி விலக்கிக்கொண்டு நடந்தது. எல்லையைத் தாண்டி அவரிடம் போய், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தது. அவர் கை பட்டதுதான் தாமதம், கொம்பு முதல் வால் வரை ஒரு சிலுப்பு! தீர்த்தம் ஊரார் முகத்திலெல்லாம் தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

பூசாரி முகத்தை வழித்துக்கொண்டு வந்து, கிடாயின் அந்தப் பக்கம் குந்தினார். தயங்கித் தயங்கி மறு காதைப் புரட்டினார்.

"இங்கன ரெண்டு கெடக்கு தாயி. சிரட்டைய எடுத்துட்டு வாங்க."

அதற்குப் பிறகு கிடாய் எந்தக் கொட்டிலில் படுத்தாலும் அந்த வீட்டார் அதற்கு உண்ணி பார்த்த பிறகே படுக்கப் போனார்கள். காய்ச்சல் மெல்ல அடங்கியது. சாமிக்கும் உடம்பு நோகுமே என்று நொந்த அந்தத் தாயை நாமும் ஒருமுறை கும்பிட்டுக்கொள்வோம்.