காற்றில்லாத நாளில் ஒரு படகு

"இந்தப் படகு எப்படிப் போகிறது?"

கேட்டவள் எல்லம்மா. ஆசான் சிங்காரத்திடம் ஓவியம் பயில்பவள்.

ஆசான் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சுவரோரம் அவருடைய புதுப் படம் சாய்ந்திருந்தது. மாலை வெயிலில் ஒரு கால்வாய். கண்ணாடி போலத் தண்ணீர். நாணல் ஆடவில்லை. பாய் தொங்கிக் கிடக்கிறது. அப்படியும் உப்பு ஏற்றிய ஒரு படகு தண்ணீரைக் கீறிக்கொண்டு போகிறது.

"காற்று இல்லை. துடுப்பு இல்லை. தானாகப் போகிறதா? என்ன, மந்திரம் போட்டீர்களா?"

"பார்த்தவர்கள் எல்லாம் அமைதியாக இருக்கிறது என்கிறார்கள்."

"இருக்காதா பின்னே? இழுக்கிறவர்களைத் துடைத்துவிட்டால் எதுவும் அமைதியாகத்தான் இருக்கும். அந்தக் கரையில் படகுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் என் அப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எங்கே அவர்?"

ஆசான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். படத்தைத் திருப்பி வைத்தார்.

பின்பக்கம், முழ நீளத்துக்குக் கித்தானை மடித்து ஆணி அடித்திருந்தது. அந்த மடிப்பில் ஒரு கயிறு. கயிற்றில் மூன்று பேர், குனிந்தபடி. முன்னால் இருந்தவர் தோளில், கயிறு அறுக்காமலிருக்க மடித்து வைத்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

எல்லம்மா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் கேட்ட மாளிகைக்காரர் இவர்களை வெட்டிவிடச் சொன்னார்" என்றார் ஆசான். "இவர்கள் இருந்தால் மனம் நிம்மதி அடையாதாம். அவர் தரும் அரிசியில்தான் நம் அடுப்பு எரிகிறது. ஆனாலும் நான் வெட்டவில்லை. மடித்தேன்."

"இதில் பெருமை வேறா? பார்க்காமல் விட்டவனைக்கூட மன்னிக்கலாம் ஐயா. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். துண்டின் கட்டம் வரைக்கும் பார்த்திருக்கிறீர்கள். ஆயுள் முழுக்கக் குனிந்தே நடந்த மனுஷன். அவரை இன்னும் மடிக்க வேண்டுமா?"



வாசலில் மாளிகையின் மாட்டுவண்டி வந்து நின்றது.

"படத்தை ஏற்றலாமா?" என்று குரல் கொடுத்தான் வண்டிக்காரன்.

ஆசான் பெட்டியைத் திறந்தார். ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்து எல்லம்மாவிடம் நீட்டினார்.

அவள் உடனே வாங்கவில்லை.

"ஆணியைப் பிடுங்கினால் அரிசி நின்றுபோகும்."

"ஆமாம்."

"வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். உங்களை."

"உன்னையும்தான்."

வாங்கினாள். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்தன. மடிப்பு விரிந்து சட்டத்துக்கு வெளியே நீண்டு தொங்கியது.

வண்டிக்காரன் உள்ளே வந்து எட்டிப் பார்த்தான்.

"இது வண்டியில் கொள்ளாதே ஐயா. பழையபடி மடித்துக் கொடுங்களேன்."

ஆசான் தன் மேல்துண்டை உதறினார். நான்காக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டார். குனிந்து, படத்தின் ஒரு முனையைத் தூக்கி அதன்மேல் ஏற்றினார்.

"மாளிகைக்கு நடந்தே போவோம். எல்லம்மா, நீ பின்னால் பிடி."